கடைசி பெஞ்சின் ஐந்து நாட்கள்

ஜனவரி 20, செவ்வாய்

இன்றும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து சாப்பிட்டா உடம்புல ஒட்டாதா?" என்றார். உட்கார்ந்தேன். இரண்டு வாய். எழுந்துபோய்க் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இன்று நூற்றுப் பதினான்கு மாதிரிகள். ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஒரு தடவை ஓடி நிற்கப் பத்து நிமிடம். மற்றவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் டீ குடிக்கிறார்கள். நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். காவலாளி கேட்டுவிட்டார்: "என்னக்கா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

ஐந்து நாள் ஓட்டத்துக்குப் படிவம் அனுப்பிவிட்டேன். ஐந்து நாள், ஐந்து மாரத்தான். தினம் ஒரு பாதையில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கணக்கில் இல்லை. இதுவரை என் வாழ்க்கையில் ஓடியது மொத்தம் இரண்டு மாரத்தான், அதுவும் தனியாக. நாற்பத்தேழு வயதில் இது என்ன கிறுக்கு?

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 31, சனி

சொன்னேன். சட்டை மடித்துக்கொண்டிருக்கும்போது, பேச்சோடு பேச்சாக.

"தினமும் நாப்பத்திரண்டா? அதுக்குத்தானே பஸ் விட்டிருக்காங்க," என்றார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் வேறு எப்படிப் பேசுவார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எதுகிட்டேருந்து ஓடுற? என்கிட்டேருந்தா?"

"ச்சே, இல்ல."

"அப்ப எதுகிட்டேருந்து?"

தெரியவில்லை என்றேன். அது முழு உண்மை இல்லை. ஒரே சட்டையை மூன்று தடவை மடித்திருக்கிறேன் என்று அப்புறம்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

முப்பது கிலோமீட்டர். இடது முழங்கால் ஏதோ சொல்கிறது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. விடுமுறை விட்ட பள்ளிக்கூடம் ஒன்றில் தங்க வைத்திருக்கிறார்கள். மொத்தம் எண்பத்து மூன்று பேர். பெண்களுக்கு மாடியில் ஒரு வகுப்பறை. பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தரையில் மெத்தை விரித்திருக்கிறார்கள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு. அதைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பையைத் திறந்தேன். நல்லா இருக்கு என் புத்தி.

என் பக்கத்து மெத்தைகளில் அக்காவும் தங்கையும். துணிக்கடை வைத்திருக்கிறார்களாம். அக்கா வாயை மூடுவதே இல்லை. தங்கை திறப்பதே இல்லை. "இவங்க ரேடியோ, நான் பேட்டரி," என்றாள் தங்கை. அவள் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

எனக்குக் கூட்டம் ஒத்துவராது. நாளை முதல் தனியாகத்தான் ஓட வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18, புதன் — முதல் நாள்

6 மணி 9 நிமிடம்.

புத்திகெட்டதனம் செய்தேன். முதல் இருபது கிலோமீட்டரை யாரோ துரத்துவது போல ஓடினேன். இருபத்தாறில் கால் கல்லாகிவிட்டது. ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது, பின்னால் ஒரு சின்னக் கூட்டம் ஆடி அசைந்து வந்தது. ரேடியோவின் குரல் முதலில் வந்து சேர்ந்தது. அப்புறம் ரேடியோ, பேட்டரி, தலையில் துண்டு கட்டிய ஒரு பேக்கரிக்காரர், ஒல்லியாக ஒரு தபால்காரர்.

தபால்காரர் நிற்காமலே கேட்டார்: "என்னம்மா, அட்ரஸ் தொலஞ்சு போச்சா?"

"இல்லண்ணே. கால் போச்சு."

"கால் எங்கயும் போகாது, கூடத்தான் வரும். நீ வா."

அவர்கள் கணக்கு எளிது. ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. தபால்காரர்தான் கடிகாரம் பார்ப்பார். எல்லாருக்கும் பின்னால் போவதால் தங்களுக்குக் "கடைசி பெஞ்ச்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள். சொன்னேன். அந்த நொடியிலிருந்து நான் "லேப்".

தபால்காரருக்கு ஐம்பத்தொன்பது வயது. பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்டேன். "முப்பது வருஷமா நாய்ங்கதான்," என்றார்.

தனியாக ஓடுவதாக இருந்தேன் அல்லவா. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 19, வியாழன் — இரண்டாம் நாள்

6 மணி 31.

மாடிப்படியில் எல்லாரும் பின்பக்கமாக இறங்குகிறோம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்கள் போல. வகுப்பறை முழுக்கத் தைல நெடி. வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. குதிகாலில் கோலிக்குண்டு அளவு கொப்புளம். பேக்கரிக்காரர் ஊசியைச் சுட்டு, நூல் கோத்து, கொப்புளத்துக்குள் விட்டு நூலை அப்படியே விட்டுவிட்டார், நீர் வடியட்டும் என்று. அவர் கை மாவு பிசைகிற கை. என் குதிகாலை அத்தனை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கூச்சமாக இருந்தது. யார் கடைசியாக என் காலைப் பிடித்தது?

இன்று ரேடியோ, தன் கடையில் ஒருத்தி நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு போன கதையைச் சொன்னாள். எட்டுக் கிலோமீட்டர் நீளக் கதை. அந்த எட்டுக் கிலோமீட்டர் போனதே தெரியவில்லை.

தபால்காரருக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை மூன்றாம் நாள் காய்ச்சல். போன வருடம் கடைசி நாள், முப்பதாவது கிலோமீட்டரில் மயங்கி விழுந்து வண்டியில் ஏற்றினார்களாம். இந்த ஜூன் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார்.

"ஆயிரக்கணக்கான வீட்டுக்கு எல்லாத்தையும் கொண்டுபோய்ச் சேத்தாச்சு. என்னை ஒரு தடவையாவது முழுசா கொண்டுபோய்ச் சேக்கணும்மா," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி — மூன்றாம் நாள்

6 மணி 48. இன்று வெயில். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். இனி முடியாது, வண்டியைக் கூப்பிடுங்கள் என்றேன். நால்வரும் நின்றார்கள்.

"நீங்க போங்க, நேரம் போகுது," என்றேன்.

யாரும் போகவில்லை. பேட்டரி என் முன்னால் குந்தி, என் ஷூ கயிற்றை அவிழ்த்து, தளர்த்தி, மறுபடி கட்டினாள். தபால்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "நாலு நிமிஷம் இருக்கு. அழறதுன்னா அழுதுக்கோ. அஞ்சாவது நிமிஷம் கெளம்பணும்," என்றார்.

அழுதேன். மூன்றரை நிமிடம்.

அதற்கப்புறம் எப்படி ஓடினேன் என்று தெரியாது. பேக்கரிக்காரரின் முதுகில் உப்புப் பூத்து ஒரு தேச வரைபடம் மாதிரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். தபால்காரர் வழியெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தார். வலி மாத்திரை. "எத்தனாவதுண்ணே?" என்றதற்கு, "எண்ணிக்கிட்டா ஓடுவாங்க," என்றார்.

விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

இவரிடம் போனில் பேசினேன். "உக்காந்திருக்கியா?" என்றார். படுத்திருக்கிறேன் என்றேன். "அதுவே அதிசயம்," என்றார்.

பிப்ரவரி 21, சனி — நான்காம் நாள். மாலை 4 மணி

6 மணி 54. ஆறு நிமிட இடைவெளியில் தப்பினோம். நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல்.

ஓடி முடித்து ஐஸ் வாளியில் கால் வைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் தூரத்திலிருந்து சைகை காட்டினார். கட்டடத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாய்கள் பக்கம் போனேன். அவர் முகம் மெழுகு மாதிரி இருந்தது.

"லேப், ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"என்னண்ணே, சொல்லுங்க."

"முதல்ல நீ சொல்லு."

"சரி. சொல்ல மாட்டேன்."

செய்தித்தாளில் சுற்றிய தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்தார். பிரித்தார். பால் இல்லாத கடுந்தேநீர் நிறத்தில் கால் பாட்டில். தேநீர் இல்லை.

"காலையிலேருந்து இப்படித்தான் போகுது. தண்ணி கொஞ்சமா குடிச்சதாலதானே? நிறைய குடிச்சா சரியாயிடும்ல?"

இருபத்து மூன்று வருடமாகக் குப்பிகளைப் பார்க்கிறேன். இந்த நிறம் எனக்குத் தெரியும். தசை உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதைச் சலிக்க முடியாமல் திணறுகிறது. போதாததற்கு வெயில், நான்கு நாள் வலி மாத்திரை. இது குடித்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை.

சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். நாளைக்கு ஓடினால் சிறுநீரகம் நின்றுபோகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றேன்.

"ஆகலாம். ஆகாமயும் இருக்கலாம்," என்றார். "ஒரே ஒரு நாள்மா. ஏழு மணி நேரம். முடிச்ச கையோட நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயே கூட்டிட்டுப் போ."

"அண்ணே, வேணாம்."

"வாக்குக் குடுத்திருக்க." அவ்வளவுதான். பாட்டிலைக் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி நேரமாக மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன். நாற்பத்திரண்டு ஓடிய காலோடு நடக்கிறேன். உட்கார முடியவில்லை.

இதை எங்கும் எழுதியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன், வேலை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு ரத்தத்தில் பொட்டாசியம் ரொம்ப அதிகமாகக் காட்டியது. இதயம் நின்றுபோகிற அளவு. வார்டுக்கு போன் செய்ய வேண்டும், அதுதான் விதி. செய்தேன், லைன் கிடைக்கவில்லை. முடிவுச் சீட்டில் சிவப்பு மையால் சுழித்து, வார்டுக்குப் போகும் தட்டில் வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன். மறுபடி ஒரு தடவை போன் செய்திருக்கலாம். மாடி ஏறிப் போயிருக்கலாம். மறுநாள் அந்த நோயாளியின் எண் பட்டியலில் இல்லை. வீட்டுக்குப் போனாரா, வேறு எங்காவது போனாரா, கேட்கவில்லை. கேட்கப் பயம். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. 4417. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை.

ஆனால் தபால்காரர் வெறும் எண் இல்லையே. இவர் நாய்க் கதை சொல்கிற ஆள். மூன்றாம் நாள் எனக்காக நான்கு நிமிடம் நின்ற ஆள். சொன்னால் அவருடைய மூன்றாவது வருடமும் போச்சு. சொல்லாவிட்டால்—

மாலை 5.30

சொல்லிவிட்டேன்.

மருத்துவ முகாமில் ஓர் இளம் டாக்டர். நான் பாதி சொல்லும்போதே எழுந்துவிட்டார். இரண்டு பேர் தபால்காரரைத் தேடிப் போனார்கள். அவர் மரத்தடியில் நாளைக்கான எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"நல்லதும்மா," என்றார். அதுதான் தாங்க முடியலை. திட்டியிருக்கலாம்ல. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல.

ஆம்புலன்ஸ் போய்விட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு — ஐந்தாம் நாள்

முடித்தேன். 6 மணி 51.

காலையில் ரேடியோ என்னோடு பேசவில்லை. ரேடியோ பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று அவளோடு ஓடியவர்களுக்குத்தான் புரியும். பல் தேய்க்கும்போது மட்டும், "எங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்லக்கா. நாங்க பேசி ஒரு வழி பண்ணியிருப்போம்ல," என்றாள். சொல்லியிருக்கலாமோ? பேசிக்கொண்டே விடிந்திருக்கும். அவர் ஷூ மாட்டியிருப்பார்.

நான் ஐம்பதடி பின்னால் ஓடினேன். ஒன்பது நிமிடம் ஆனதும் யாரும் சொல்லவில்லை. கடிகாரம் பார்க்கிற ஆள் இல்லையே. அவர்கள் நடப்பதைப் பார்த்து நானும் நடந்தேன். ஓடுவதைப் பார்த்து ஓடினேன். முன்னால் மூன்று முதுகுகள். தனியாக ஓடத்தானே வந்தாய், ஓடு என்று சொல்லிக்கொண்டேன். இத்தனை தூரத்தில் இன்று ஓடியதுதான் ரொம்ப நீளம்.

முப்பதாவது கிலோமீட்டர்ப் பலகை வந்ததும் பேக்கரிக்காரர் நின்றார். போன வருடம் தபால்காரர் விழுந்த இடம் இங்கே எங்கேயோதான். நான் வந்து சேரும்வரை காத்திருந்து, உப்பு டப்பாவை நீட்டினார். கொஞ்ச தூரம் பக்கத்தில் ஓடினார்.

"எனக்கு அவரை பதினோரு வருஷமா தெரியும். என்கிட்ட அந்த பாட்டிலைக் காட்டியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார்.

உப்பை நாக்கில் வைத்துக்கொண்டேன்.

"கூடவே ஓடியிருப்பேன். தண்ணி குடுத்துக்கிட்டே ஓடியிருப்பேன். ராத்திரி பூரா அதையேதான் நெனச்சேன். அதான் பயமா இருக்கு."

முன்னால் போன இரண்டு பேரும் வேகத்தைக் குறைத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தோம். பேட்டரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பது," என்றாள். நான்கு பேரும் நடந்தோம்.

கோட்டைத் தாண்டும்போது கைதட்டினார்கள், கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். ரேடியோ என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கோபமா, களைப்பா, சந்தோஷமா, கேட்கவில்லை. இரும்பு வாசனை அடிக்கிற பதக்கம். பையில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

வேலைக்குப் போனேன். படி இறங்குவதைப் பார்த்துக் காவலாளி சிரித்தார். தபால்காரரின் போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. ஏழு தடவை.

பிப்ரவரி 26, வியாழன்

அவர் மனைவி எடுத்தார். நான்கு முறை இயந்திரத்தில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். சிறுநீர் வர ஆரம்பித்திருக்கிறதாம். ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்ததை அந்த அம்மா முடிக்கவில்லை.

"அவர் பேசுவாரா?" என்றேன்.

"உங்க பேச்சை எடுத்தாலே செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாரு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு ஆள் வேணும். கோவக்கார ஆளா இருந்தாலும் பரவால்ல."

போனை வைத்ததும் வராந்தாவில் நடந்தேன். இருபது சுற்று இருக்கும்.

மார்ச் 3, செவ்வாய்

இவரிடம் 4417 பற்றிச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன், "பழைய ரிஜிஸ்டர் இருக்கும்ல. போய்ப் பாத்துடு," என்றார்.

மார்ச் 5, வியாழன்

பதிவறை. தூசி. பதிவாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் உட்காரவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

4417: பெண், அறுபத்தொன்று. மறுநாள் விடியற்காலை இறந்திருக்கிறார். காரணம் என்று எழுதியிருந்தது வேறு ஏதோ, நெடுநாள் நோய். என் சிவப்புச் சுழிப்பை யாராவது பார்த்தார்களா, பார்த்தும் பயனில்லையா, அந்தத் தாளில் இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஓடவில்லை. வாய்விட்டு ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

மார்ச் 19, வியாழன்

ஒன்றுமில்லை. வேலை. மழை. முழங்கால்.

மார்ச் 29, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு போன். தபால்காரர். வணக்கமும் இல்லை, நலமும் இல்லை.

"டாக்டரு தினம் ரெண்டு கிலோமீட்டர் நடக்கலாம்னுட்டாரு. ஓடக் கூடாதாம். எனக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு. நாப்பத்திரண்டு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"ரெண்டு ரெண்டா நடந்தா இருபத்தோரு நாள். உனக்குத் தோதான நாள்ல வா. வந்துதான் ஆகணும்னு இல்ல."

இரண்டு பஸ் மாறிப் போனேன். அவர் தபால் கொடுக்கும் தெருக்கள். பாதியாக இளைத்திருக்கிறார், சட்டை தொங்குகிறது. முதல் ஒரு கிலோமீட்டர் எனக்கு இரண்டடி முன்னால் தள்ளியே நடந்தார். ஒவ்வொரு வீட்டு நாயும் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"எம்மேல கோவமாண்ணே?" என்றேன்.

"இருக்கு."

"போகுமா?"

"தெரியல. வாக்குக் குடுத்துட்டு மீறிட்ட. அது போகாது." கொஞ்ச தூரம் நடந்தார். "உயிரோட இருந்துதான் கோவப்படணும். அதுவும் தெரியுது. ரெண்டும் ஒண்ணா இருக்கு, என்ன பண்றது."

திரும்பி வந்ததும் வாசலில் அந்த அம்மா இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவர் அளவுக் குவளையில்தான் குடிக்க வேண்டும்; கோட்டைப் பார்த்துக் குடித்தார்.

மிச்சம் நாற்பது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மிச்சம் பன்னிரண்டு. இன்று பேக்கரிக்காரரும் ரேடியோவும் பேட்டரியும் வந்திருந்தார்கள். நான் வேகமாக நடக்கிறேன் என்று தபால்காரரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.